என் மகளுக்கு வாய் வளர்த்த கதை

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மகளுக்கு ஒரு பாராட்டு காத்திருக்கும். "புள்ள இருக்கிற எடமே தெரியலயே!" என்பார்கள். கேட்டால்தான் பேசுவாள். பெரியவர்களிடம் பேசும்போது தலை நிமிர மாட்டாள். மற்றப் பிள்ளைகள் மண்டபத்தைத் தலைகீழாக்கிக்கொண்டு ஓடும்போது இவள் மட்டும் சுவரோரக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பன்வில தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, வருகிறவர்களுக்கெல்லாம் அவளைக் காட்டி, "பொம்பளப் புள்ளன்னா இப்படி இருக்கணும். ஆத்தாளப் போல வாயாடியாப் போயிராம அந்த முருகன்தான் காப்பாத்துனான்" என்பார். பாராட்டும் திட்டும் ஒன்றாக வந்தால் நான் பாராட்டை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

வாயாடி என்பதில் பொய் இல்லை. கண்டி டவுனில், காசு கட்டி டொக்டர்மாரைப் பார்க்க வரும் ஒரு சேனல் சென்டரின் முன் மேசையில் இருப்பது என் தொழில். நம்பர் எடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள், டொக்டரைத் திட்ட முடியாது என்பதால் என்னைத் திட்டுவார்கள். நான் சிரித்த முகத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் திருப்பிக் கொடுப்பேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். ஆணி கேட்டால் ஆணியும் பூட்டுக் கேட்டால் பூட்டும் எடுத்துக் கொடுப்பார், அதோடு சரி. மகள் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

வீட்டில் ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தோம். அவள் ஸ்கூல் விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, யூனிஃபோர்மைக்கூட மாற்றாமல், அறையில் இருக்கும் அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே விளக்கு இல்லை, சத்தம் இல்லை. தொங்கும் சேலைகளுக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பாள். கூப்பிட்டால் பதில் வராது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அழுகைச் சத்தம் வரும். பொழுது சாயும்போது தானாக இறங்கி வந்து சோறும் பருப்பும் சாப்பிடுவாள். வேறு எதையும் தொட மாட்டாள். யாராவது வந்திருந்து "புள்ள எங்க?" என்று கேட்டால், "படிக்கிறா" என்று சொல்லிவிடுவேன். அலுமாரிக்குள் என்ன படிப்பு என்று நல்ல வேளையாக ஒருவரும் கேட்கவில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய ஸ்கூல் மாற்றிய பிறகு அடிக்கடி காய்ச்சல் வர ஆரம்பித்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். சிறுநீரில் கிருமி என்று மருந்து தருவார்கள், குணமாகும், திரும்ப வரும். ஏழாம் வகுப்பில் ஒரு தடவை உடம்பு கொதித்துப் பேச்சே வரவில்லை. எங்கள் சென்டருக்குச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க வரும் டொக்டர் அம்மாவிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துப் பெண். கதைப்பது மெதுவாக இருந்தாலும் விடமாட்டார்.

"ஸ்கூலில எவ்வளவு தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று மகளிடம் கேட்டார்.

"குடிக்கிறதில்ல."

"ஏன்?"

"குடிச்சா பாத்ரூம் போகணும். கிளாஸ் நேரம் போகக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. இன்டர்வெல்லுக்குப் போனா எல்லாரும் கத்துறாங்க, கதவ அடிக்கிறாங்க, காது வலிக்குது. அதனால குடிக்கிறதில்ல." கணக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். விடையிலும் ஒரு பிழையும் இல்லை. தினமும் நான் நிரப்பிக் கொடுத்த போத்தலை, வீட்டுக்கு வரும் வழியில் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

காய்ச்சல் மாறியபின் டொக்டர் எங்களை மறுபடி வரச் சொன்னார். மகளிடம் தனியாகக் கொஞ்ச நேரம், என்னிடம் நீண்ட நேரம். கேள்வி மேல் கேள்வி.

"ஆக்களின்ர கண்ணைப் பாத்துக் கதைப்பாவோ?"

"மாட்டா டொக்டர். அடக்கமான புள்ள."

"தானாப் போய் மற்றப் பிள்ளையளோட சேருவாவோ?"

"இல்ல டொக்டர். தேவையில்லாத சகவாசம் வச்சுக்கமாட்டா."

"ஒரே சாப்பாடு, ஒரே உடுப்பு எண்டு இருப்பாவோ?"

"ஆசையே படமாட்டா டொக்டர். தீபாவளிக்குக்கூடப் புதுச் சட்ட வேணாம்னு அழுவா. அவ்வளவு சிக்கனம்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் லேசாக உறைத்தது. அந்த அம்மா ஒவ்வொன்றாக நோய்க்குறி கேட்கிறார், நான் ஒவ்வொன்றாக மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது போலப் பெருமை சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பம் இவளைப் பன்னிரண்டு வருடமாகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அத்தனை குணத்தையும் அந்த மேசையில் வைத்துப் பார்த்தால், அது வேறொன்றாக இருந்தது.

ஓட்டிசம் என்று அவர் உடனே சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு அனுப்பி, அங்கேயும் பல தடவை பார்த்து, பிறகுதான் சொன்னார்கள். நான் வாதாடினேன். ஓட்டிசம் என்றால் ஆண் பிள்ளைகள், கையை உதறுவார்கள், பேச மாட்டார்கள், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இவள் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவள்.

"உங்கட மகள் எல்லாரையும் பாத்துப் படிச்சு வைச்சிருக்கிறா" என்றார் டொக்டர். "எப்ப சிரிக்க வேணும், எப்ப தலையாட்ட வேணும் எண்டு. காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் நடிக்கிறா. அந்தக் களைப்பிலதான் வந்து அலுமாரிக்குள்ள இருக்கிறா. கனக்கப் பெண்பிள்ளையள் இப்பிடித்தான், அதால ஒருத்தரும் கண்டுபிடிக்கிறேல்ல. அவவை மாத்த வேண்டாம். தனக்கு என்ன கஷ்டம் எண்டு வாயால சொல்லப் பழக்குங்கோ. இல்லாட்டி கிட்னி ஒரு பக்கம் பழுதாகும், ஒரு நாள் ஸ்கூலுக்கே போகமாட்டன் எண்டு படுத்திடுவா."

அன்று வேலைக்குத் திரும்பிப் போய், ஈசிஜி எடுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்கு இப்படி இருக்கிறது என்பதற்காக அழவில்லை. சுவரோரக் கதிரையில் அவள் கையைக் கட்டிக்கொண்டு கஷ்டப்பட்டபோதெல்லாம் நாங்கள் கூட்டமாக நின்று கைதட்டியிருக்கிறோமே என்று ஆத்திரம். வெளியே ஒருவர் கதவைத் தட்டி, தன் நெஞ்சை எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டார். என் நெஞ்சை முதலில் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஸ்கூலுக்குப் போனேன். கேட்டது இரண்டே விஷயம். வகுப்பு நேரத்தில் அனுமதி கேட்காமல் பாத்ரூம் போக விட வேண்டும், இன்டர்வெல்லில் லைப்ரரியில் இருக்க விட வேண்டும். வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி. கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"என்னாங்கம்மா நீங்க? அவளுக்கு ஒன்னுமே இல்ல. தங்கமான புள்ள. கிளாஸ்ல அவள மாதிரி எல்லாரும் இருந்தா நான் பென்ஷனே வேணாம்னு எழுதிக் குடுத்துருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, இந்த வருஷம் பரிசளிப்புல நன்னடத்தைக் கிண்ணம் அவளுக்குத்தான்" என்றார்.

"டீச்சர், அவ தண்ணி குடிக்காம கிட்னிய கெடுத்துக்கிட்டிருக்கா."

"அப்படியா? ஒரு நாளும் சொன்னதில்லயே!"

'அதுதானே டீச்சர், வியாதி!' என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதிபரிடம் போனோம். அவர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார். குழப்படி செய்கிற பிள்ளைகளுக்குத்தான் தனி ஏற்பாடு தேவை, ஒரு பையன் மேசையைத் தள்ளிவிட்டதால் அவனுக்கு ஒரு உதவி ஆசிரியையே போட்டிருக்கிறார்கள், இது பிரச்சினையே பண்ணாத பிள்ளை, இதற்கு என்னவென்று ஏற்பாடு செய்வது?

மழையில் பஸ்ஸுக்கு நின்றபோது யோசித்தேன். மேசையைத் தள்ளியவனுக்கு ஆள் கிடைக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பவளுக்குக் கிண்ணம் கிடைக்கிறது. அப்படியானால் என் மகள் அடக்கத்தை விட்டாக வேண்டும். இந்த வீட்டில் அதைச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வாழ்நாளில் முதல் தடவையாக என் திறமைக்கு ஒரு தேவை வந்தது என்று உற்சாகமாகிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கியது. நான் டீச்சர், அவள் அவளேதான். அடிமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க போற? உக்காரு!" என்று அதட்டுவேன். அவள் "முடியாது, எனக்குப் போகணும்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் சொன்னது, "முடியாதுங்க டீச்சர், மன்னிச்சுக்கோங்க, பரவாயில்ல, நான் உக்கார்ந்துக்கிறேன்."

"மன்னிப்ப எடு. பரவாயில்லய எடு."

"எவ்வளவு சத்தமாச் சொல்லணும்?"

"பின் வாங்குல உக்காந்திருக்கிறவளுக்குக் கேக்கிற அளவு."

"அவ பாடத்தக் கேக்காம பேசிக்கிட்டிருப்பாளே. அவளுக்குக் கேக்கணும்னா கத்தணும்."

"சரி, டீச்சருக்குக் கேட்டாப் போதும்."

"டீச்சர் போர்ட் பக்கம் திரும்பியிருந்தா?"

அடக்கமின்மைக்குள் இத்தனை நுணுக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. நான் பிறவியிலேயே செய்துவிட்டுப் போனதை அவளுக்கு ஒவ்வொரு படியாக உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் உறுதி, விளங்கிவிட்டால் மறக்கமாட்டாள். யாரிடம் சொல்லலாம் என்று கேட்டாள். "யாராயிருந்தாலும்" என்றேன். அவள் அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "யோசிச்சுச் சொல்லு" என்றார். அவர் பேசியதே அபூர்வம், அதனால் நான் கவனிக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் நாத்தனார் வந்தார். வழக்கம் போல மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் கிள்ளி முத்தம் கொடுக்கப் போனார். மகள் ஒரு அடி பின்னால் வைத்து, "வேணாம் அத்த. கன்னத்தத் தொட்டா எனக்குப் பிடிக்காது. கும்பிடுறேன், அது போதும்" என்றாள். கும்பிடவும் செய்தாள்.

நாத்தனார் கை அந்தரத்தில் நின்றது. "இங்க பாரு புள்ள, இவளுக்கு என்னா வாய் வளந்துருச்சு! யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான் அண்ணி" என்றேன். எனக்கு ஆனந்தத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாத்தனார் தட்டில் வடையை அடுக்கினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார். பிறகு போகும்போது மகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஸ்கூலில் அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. சென்டரில் என் மேசைக்கு முன்னால் ஒரு கூட்டம் நிற்கிறது, கண் டொக்டர் இன்னும் வரவில்லை, போன் அடிக்கிறது. வகுப்பு டீச்சர்.

"அம்மா, புள்ள கிளாஸ் நடக்கும்போதே எழும்பிப் போயிருச்சு! 'சத்தம் கூடிப்போச்சு, என்னால இங்க இருக்க முடியாது, நான் லைப்ரரியில இருப்பேன்'னு சொல்லிட்டு நடந்து போறா!"

"எங்க போனா?"

"லைப்ரரிக்குத்தான்."

"அப்ப சொன்ன எடத்துக்குத்தானே டீச்சர் போயிருக்கா."

என் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. கண் டொக்டருக்குக் காத்திருந்தவர்கள் எனக்கு ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தார்கள். அன்று பின்னேரம், டீச்சர் சண்டைக்கு நிற்பார் என்று வாயைத் தீட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "நான் பின்னாலயே போனேம்மா. மேசைக்கு அடியில உக்காந்து காதப் பொத்திக்கிட்டிருந்தா. இவ்வளவு நாளும் என் கண்ணு முன்னாலதானே இருந்தா" என்றார். தீட்டிக்கொண்டு போனதையெல்லாம் நான் அப்படியே விழுங்கினேன்.

டீச்சரே அதிபரிடம் பேசினார். பாத்ரூமுக்குக் கேட்காமல் போகலாம். இன்டர்வெல்லில் லைப்ரரி. போத்தல் காலியாக வர ஆரம்பித்தது, பூச்செடி வாடியது. காய்ச்சல் வரவில்லை. அலுமாரிக்குள் இருக்கும் நேரமும் குறைந்தது. சில நாள் கதவைச் சாத்தாமல் உள்ளே இருந்தபடியே ஸ்கூல் கதை சொல்வாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவளாகப் பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் கிண்ணம் இருந்ததே. வகுப்பை விட்டு எழுந்து போனவளுக்கு நன்னடத்தைக் கிண்ணமா என்று ஸ்கூலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்திருக்கிறது. ஆனால் கிண்ணத்தில் பெயர் வெட்டக் கொடுத்தாயிற்று, அதை அழிக்க முடியாது என்று அதிபர் சொல்லிவிட்டார். டீச்சர் போனில் இதைச் சொன்னபோது, என் உடம்பில் எங்கேயோ ஒரு பல்பு எரிந்தது.

நான் ஹேவாஹெட்ட தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேசியதற்காக வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்றதுதான் அங்கே எனக்குக் கிடைத்த ஒரே தனிக் கவனிப்பு. மேடையேறி ஒரு சோப்புப் பெட்டிகூட வாங்கியதில்லை. இப்போது என் பெயரை முதலெழுத்தில்கூடச் சுமக்காத ஒரு கிண்ணத்துக்காக எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. புதுச் சேலை எடுத்தேன். கணவர் கடைக்கு லீவு சொன்னார். நாத்தனார் கோபத்தையெல்லாம் மறந்து, பன்வில பக்கத்துச் சொந்தங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

பரிசளிப்புக்கு முந்தின நாள் ஒத்திகை. அன்று வந்து அலுமாரிக்குள் போனவள், சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. நான் கதவுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு நான் போகல. பேண்ட் அடிக்கிறாங்க. மாலை போடுறாங்க, அது கழுத்துல குத்துது. பிரதம அதிதி கையப் பிடிச்சுக்கிட்டு போட்டோ முடியிற வரைக்கும் விடமாட்டாராம்."

"ஒரே ஒரு நிமிஷம்டா. மேல ஏறி, வாங்கி, எறங்கிரலாம்."

"வேணாம்."

நான் விடவில்லை. சேலையைச் சொன்னேன், வேனைச் சொன்னேன், அப்பாவின் லீவைச் சொன்னேன். கடைசியில், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, "அம்மாவுக்காக" என்றேன். அதை அழுத்தமாகவும் சொன்னேன். சேனல் சென்டரில் யாரிடமும் தோற்காத குரல் அது.

அலுமாரிக் கதவு திறந்தது. சேலைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, என் முகத்தைப் பார்க்காமல், என் கையில் இருந்த வளையலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னால செய்ய முடியும்மா. ஒத்திகையில செஞ்சேன். சிரிச்சேன், கும்பிட்டேன், எல்லாம் சரியா செஞ்சேன். எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க. நாளைக்கும் செஞ்சேன்னா, எனக்கு ஒன்னுமே இல்லன்னு மறுபடியும் நெனச்சிருவாங்க. எனக்கு லைப்ரரிய மூடிருவாங்க."

வாசலில் நின்றுகொண்டிருந்த அவள் அப்பா உள்ளே வந்து, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்த என் புதுச் சேலையை எடுத்து மடித்து மேல் தட்டில் வைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, அவர் மேல் கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை. பிறகு போனை எடுத்து நாத்தனாரிடம் வேன் வேண்டாம் என்றேன். அவர் திட்டியதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது டீச்சர். மகள் வரமாட்டாள் என்றேன். அவருக்கு ஏமாற்றம், ஆனால் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"சரிங்கம்மா, பரவாயில்ல. மைக்குல ஆள் எங்கன்னு கேப்பாங்க. காய்ச்சல்னு சொல்லிரவா?"

"காய்ச்சல் இல்ல டீச்சர். நல்லாத்தான் இருக்கா. மேடைக்கு வரப் பிடிக்கல, வேணாம்னு சொல்லிட்டா. அப்படியே சொல்லுங்க."

"நன்னடத்தைக் கிண்ணம்மா. அதிபர், பிரதம அதிதி எல்லாரும் இருக்கிற மேடையில எப்படிம்மா அப்படிச் சொல்றது?"

"நல்ல நடத்தைக்குத்தானே டீச்சர் குடுக்கிறீங்க" என்றேன். "இந்த வருஷம்தான் அவ அத செஞ்சிருக்கா."